கமலாட்சி: எங்கள் டெம்பரரி மிஸ்ஸி

செய்தி எனக்கு மலாக்காவின் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் கிடைத்தது. ஊதாவா பச்சையா என்று இரண்டு சேலைகளைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக் கடைக்காரரின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். காஜா பேராங்கிலிருந்து வந்த ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். கடைக்காரர் என் தோளிலிருந்த சேலையை மெதுவாக எடுத்து மடித்தார்.

"மிஸ்ஸி, நம்ம கமலாட்சி மிஸ்ஸி போயிட்டாங்களாம். காலையிலதான். இன்னைக்கு யாவாரம் போதும்."

கடையை மூடியேவிட்டார். அவருடைய மனைவியின் தலைப்பிரசவத்தின்போது கமலாட்சி தாதியாகப் பக்கத்தில் இருந்தார். நானும்தான் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் வேறொன்று வந்தது: நான் செத்தால் இந்த மனிதர் கடையை மூடுவாரா? பாதிக் கதவையாவது சாத்துவாரா?

திட்டுங்கள். ஆனால் அவரை அறிந்த உங்களுக்கு, அவரைப் பார்த்து நான் வயிறெரிந்ததும் தெரிந்த கதைதான். உயிரோடிருந்தபோது மறைக்காததை இப்போது மறைத்தால் அவரே சிரிப்பார்.

இருவரும் ஒன்றாகத்தான் தாதிப் பயிற்சி பெற்றோம். அந்தக் காலச் சட்டப்படி, கல்யாணம் ஆனால் நிரந்தரத் தாதி வேலையை விட்டுவிட வேண்டும். கமலாட்சி கல்யாணம் செய்துகொண்டார். மாலை போட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். நான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள் என்று எழுத ஆசைதான். வந்தவர் ஒருவர், அவரும் வீடு மாறி வந்தவர்.

பிறகு சுதந்திரம் வந்தது. வெள்ளைக்கார சிஸ்டர்கள் பெட்டி கட்டினார்கள். வார்டில் கட்டில் இருந்தது, நோயாளி இருந்தார், தாதி இல்லை. மாலை போட்டு அனுப்பிவைத்த தாதிகளையே வீடு தேடிப் போய் அழைத்தார்கள். ஆனால் டெம்பரரியாக. மாதக் கடைசியில் ஒரு நாள் வேலை கிடையாது. மறுநாள் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து உழைத்ததாக ஆகிவிட்டால் பென்ஷன் கேட்டுவிடுவார்களே! அந்த ஒரு நாளில் வார்டுக்குள் வேலை செய்து பிடிபட்டால், மறுபடி சேர்க்கும் பேச்சே இல்லை.

ஆக, எனக்கு நிரந்தர வேலையும் பென்ஷனும். அவருக்கு, மாலையானால் வாசலில் சைக்கிளோடு நிற்கும் கணவர். அந்தப் பின்சீட்டைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சில் இரண்டு டயருக்கும் காற்றடித்திருக்கலாம். ஒரு நாள் அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் மலாக்கா செட்டி. தமிழ் வம்சம்தான், ஆனால் வாயில் வருவது மலாய். தமிழில் தருகிறேன், அழகு குறைந்தால் பழி எனக்கு.

"உன் வேலையும் என் புருஷனும் ஒருத்திக்கே கிடைச்சா, நம்ம ரெண்டு பேர் கண்ணும் பட்டு அவ ஒரு வாரம் தாங்கமாட்டா, போடி."

தமிழ் விஷயத்திலும் எனக்கு எரிச்சல் உண்டு. தோட்டத்திலிருந்து வந்து படுத்திருக்கும் பெண்களிடம், "எங்கம்மா வலிக்குது?" என்று நான் கேட்டால், "ஒண்ணுமில்லை மிஸ்ஸி" என்பார்கள். கமலாட்சி வந்து நெற்றியில் கைவைத்து, வலிக்குதா என்பதை மலாயில் "சாக்கிட்?" என்பார். வலி, மாமியார், கங்காணி, எல்லாம் கொட்டும், தமிழில். அவர் கால்வாசி புரிந்துகொண்டு "கெசியான்" என்று பரிதாபப்படுவார். பொறுக்க முடியாமல் ஒருத்தியிடம் கேட்டேன்: "அவங்களுக்குத் தமிழ் தெரியாதேம்மா, அவங்ககிட்ட போய் ஏன் சொன்னே?"

"தெரியாததாலதான் சொன்னேன் மிஸ்ஸி. உங்ககிட்ட சொன்னா ஊரெல்லாம் சுத்திப் பண்டார் ஹிலிர் வரைக்கும் போயிடும்னாங்க."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. சொன்னவர் என்னை நன்றாக அறிந்தவர்.

இனி அந்த நாள். கமலாட்சியின் கணவர் வேலை பார்த்த வெள்ளைக்காரக் கம்பெனி மூடியிருந்த சமயம். மனைவியின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மாதக் கடைசி, அவருக்கு வேலையில்லாத நாள். ஊரெல்லாம் காய்ச்சல். நடைபாதையிலும் கட்டில் போட்டிருந்தோம். இன்னொரு தாதியும் காய்ச்சலில் விழ, வார்டில் நானும் ஒரு பயிற்சிப் பெண்ணும் மட்டும். நான் கத்திய கத்தலில் எனக்கே காய்ச்சல் வந்தது போலிருந்தது.

பார்வையாளர் மணி அடித்ததும் கூட்டத்தோடு கூட்டமாகக் கமலாட்சி நுழைந்தார். யூனிபார்ம் இல்லை, கெபாயாச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். யாரும் பார்க்க வராத ஒரு கிழவியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இன்னைக்கு மிஸ்ஸி இல்லை. எதையும் தொடமாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார். பிறகு வாய் மட்டும் வேலை செய்தது. "அண்ணே, சும்மா உட்காராதீங்க, அவங்க தலையைத் தூக்கிக் கஞ்சி குடுங்க. தம்பி, உன் அம்மா தூங்குறாங்க, பக்கத்துக் கட்டிலுக்கு விசிறு. பாட்டி, அந்த ஈரத்துணியை மாத்துங்க." வந்தவர்கள் அத்தனை பேரும் தாதியாகிவிட்டார்கள். நான் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடந்தது. நன்றியா சொன்னேன்? மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

மறுபடி மணி அடித்தது. எல்லோரும் போனார்கள். கமலாட்சி போகவில்லை, பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலில் பிதற்றிய ஒரு பெண் அவர் கையை இறுகப் பிடித்திருந்தாள். அப்போதுதான் பெரிய டாக்டர் உள்ளே வந்தார்.

"இவர் இன்று வேலையில் இல்லையே?"

"விசிட்டர், டாக்டர்" என்றார் கமலாட்சி.

"யாரைப் பார்க்க?"

கிழவி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சும்மா நின்றால் போதும். நாளையிலிருந்து கமலாட்சி இல்லை, வார்டு என்னுடையது, "எங்க மிஸ்ஸி" என்று என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும். அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வாயைத் திறந்தேன்.

"என்னைப் பார்க்க, டாக்டர்."

அவர் கட்டில்களைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அப்படியானால் பேசி முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்" என்று திரும்பி நடந்தார்.

டாக்டர் போனதும் கமலாட்சி என் பக்கம் திரும்பினார். "ஏன்டி சொன்னே?" என்றார்.

"நாளைக்கு நீ வரலைன்னா உன் வேலையையும் யார் பார்ப்பா?"

"அது சரி. உன்னைப் பார்க்க வந்த ஆளுக்கு ஒரு கோப்பிகூட கிடையாதா?"

போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்றார்.

கடைசி வரை அவர் டெம்பரரிதான். வேலையிலிருந்து நிறுத்தியபோது மாலையும் இல்லை, தேநீரும் இல்லை. ஆனால் நேற்று இறுதி ஊர்வலத்துக்கு, அவர் வீடிருந்த காஜா பேராங் சந்து கொள்ளாமல் சனம் நின்றது. ஓரமாக நின்று தலைகளைப் பார்த்து, வழக்கம்போல் வயிறெரிந்தேன்.

இன்று காலை வார்டுக்குப் புதிதாக ஒரு டெம்பரரி பெண் வந்திருக்கிறாள். சுறுசுறுப்பு, சிரித்த முகம். நோயாளிகளுக்கு அதற்குள் பிடித்துப்போயிற்று. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஒன்றும் எரியவில்லை. கமலாட்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொறாமை ஒன்றுதான். அதுவும் அவரைத் தவிர வேறு யாரிடமும் போகமாட்டேன் என்கிறது.