உத்தரத்துக்கு அடித்த வெள்ளை

தேயிலைத் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறிச் சில வருடங்களில் எனக்கு ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கர் என்பதால், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை எனக்கு நானே டைப் செய்துகொண்டேன். போவதற்கு வேறு வீடு இல்லை. அப்போது யட்டியாந்தோட்டை டவுனில் ஒரு வீடு விலைக்கு வந்தது. உரிமையாளர் வேறொரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற டீமேக்கர்.

பழைய உறுதிப் பத்திரங்களைக் காணிப் பதிவகத்தில் தேடினேன். நில அளவைப் படம், பிரதேச சபைச் சான்றிதழ், வரி ரசீது எல்லாம் சரி. "இவ்வளவும் நீங்களே பாத்துட்டா நான் எதுக்குங்க?" என்றார் உறுதி எழுதும் நொத்தாரிசு. கறையானுக்கு மட்டும் பதிவகம் இல்லை. அதற்காக எங்கள் தோட்டத்துத் தச்சரை அழைத்துப் போனேன். அவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

வீடு பளிச்சென்றிருந்தது. கதவு நிலைகளுக்குப் பச்சை. சுவருக்கும் கூரை உத்தரங்களுக்கும் புது வெள்ளை. என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். தோட்டத்தில், வெள்ளை அடித்த இடத்தைப் பற்றி யாரும் குறை எழுதியதில்லை.

பாஸ் சுத்தியல் பிடியால் நிலையைத் தட்டினார். காலித் தேயிலைப் பெட்டியின் சத்தம் கேட்டது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் பாதி உள்ளே போய்விட்டது. உள்ளே மரமில்லை. ஈர மண்ணும், அதில் வெள்ளையாக நெளிந்து ஓடும் கூட்டமும் இருந்தன. வெறும் பெயின்ட்தான் நிலையின் உருவத்தில் நின்றுகொண்டிருந்தது. என் மனைவி வாசலை விட்டு நகர்ந்து நின்றாள்.

"அது பழைய அரிப்புங்க," என்றார் வீட்டுக்காரர்.

"பழைய அரிப்புல புதுக் கறையானுங்களா?" என்றார் பாஸ்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

"உத்தரத்துக்கு வெள்ளை அடிச்சிருந்துச்சே ஐயா. நல்ல மரத்துக்கு எவன் வெள்ளை அடிப்பான்? கம்பனிக்காரங்க லயம் பாக்க வர்றதுக்கு முந்தி நாம அடிக்கிறதுதானே. கறையான் மண்ணைச் சுரண்டிட்டு வெள்ளை அடின்னு நீங்கதான துண்டு எழுதிக் குடுப்பீங்க."

எழுதியிருக்கிறேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு, ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னும், பிரதியோடு.

"அந்த உத்தரமெல்லாம் இப்ப?"

"அப்படியேதான் இருக்கு. சனம் கீழ படுத்துக் கெடக்கு. எங்க வீட்டுதும் அதுல ஒண்ணு."

அவர் இதைப் பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி சொன்னார். "இத்தனை வருஷம் என்னத்தங்க எழுதினீங்க?" என்றாள் என் மனைவி.

வீடு வேண்டாமென்று டீமேக்கருக்கு மறுநாளே சொல்லியனுப்பினேன். பிறகு காரியாலயத்தில் உட்கார்ந்து, லயங்களுக்கு மரம் கேட்கும் படிவத்தை முதல் தடவையாக நிரப்பினேன். பாஸின் லயம் முதலில். அனுமதி வர ஆறு வாரமாவது ஆகும். அந்த நடைமுறையும் எனக்கு அத்துப்படி. குவார்ட்டர்ஸில் எனக்கு மிச்சமிருந்தது பதினொரு நாள்.