பௌர்ணமிக்கு நிறுத்திய மாத்திரை

என் வீட்டுக்காரர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. எப்படித் தீரும்?

போன வருஷம் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் பம்பிங் கம்மியா இருக்கு" என்றார் டாக்டர். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்ற தினம் காலையில் ஒரு தண்ணி மாத்திரை. அதைப் போட்டால் மனுஷன் பாதி நாள் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடப்பார். மெதுவாக நடக்கலாம் என்றும் டாக்டர் சொல்லித் தொலைத்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவர் பௌர்ணமிக்கு மலை சுற்றக் கிளம்பிவிட்டார்.

விடிந்துதான் திரும்பினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். கால்கள் வீங்கியிருந்தன, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கூட்டம் கலையாத ரோட்டில் ஆட்டோ ஊர்ந்தது. அவர் என் தோளில் சாய்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, கொஞ்சம் தெளிந்த பிறகு டாக்டர் கேட்டார். "மாத்திரை ஒழுங்கா போட்டாரா?"

"போட்டாருங்க" என்றேன் நான். அவர் மாஸ்க்குக்குள்ளிருந்து இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அதோட வேகம் உடம்புலேர்ந்து போவட்டும்னு நாலஞ்சு நாளா போடல. மலையே சாமி. சுத்துறப்ப நடுவுல எப்படி ஒண்ணுக்குப் போறது?"

"வழியெல்லாம் கக்கூஸ் கட்டி வச்சிருக்காங்களே" என்றேன்.

"போயிட்டு குளிக்காம சுத்தினா சுத்தமாவுமா?"

டாக்டர் அவரிடம் பொறுமையாகச் சொன்னார். "நுரையீரல்லேர்ந்து வர்ற ரத்தத்த இதயம் உடம்பு பூரா தள்ளணும். அதுக்குத் தெம்பு கம்மின்னா ரத்தம் பின்னாலயே தேங்கிடும். தண்ணி கசிஞ்சு நுரையீரல்ல சேரும். அதான் மூச்சு முட்டுச்சு."

கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலத்தில் இருக்கும்போது தண்ணீர் மோட்டார் சத்தம் லேசாக மாறினாலே சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடுகிறவர் இவர். தன் நெஞ்சுக்குள் ஓடுவது மட்டும் கிள்ளுக்கீரையா?

"அப்படி என்னதான் வேண்டுதல் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஹார்ட் சரியாவணும்னுதான்."

வந்த ஆத்திரத்தில் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நர்ஸ் வந்து என்னை வெளியே உட்கார வைத்தார்.

அடுத்த பௌர்ணமி அன்று காலை மாத்திரையும் தண்ணீருமாக அவர் முன்னால் நின்றேன். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன். மெதுவா சுத்திட்டு வந்துடறேன்" என்றார்.

"வாசல்ல நின்னு மலையப் பாத்துக் கும்பிடுங்க, போதும். அன்னிக்கு ஆட்டோவுல வழியெல்லாம் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த வீட்டுக்கு ஒத்தையா எப்படித் திரும்பி வருவேன்னுதான் நெனச்சேன்."

அவர் மாத்திரைக்குக் கையை நீட்டினார்.