பூனைமேல் விழுந்த பழி

அந்தக் கால்நடை மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் 'பேன் டாக்டர்'. மாடோ நாயோ கோழியோ, அதன் தோலில் எது ஊர்ந்தாலும் அது இன்னதென்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. உண்ணிக்கு எட்டுக் கால், பேனுக்கு ஆறு. அது தெரிந்த பிறகுதான் மருந்தே. ஊசி போடுகிற டாக்டர்களின் வாசலில் கூட்டம் முண்டியடிக்கும். அவளைத் தேடி வருவதெல்லாம் தீப்பெட்டியிலும் மாத்திரைக் குப்பியிலும் அடைபட்டுத்தான் வரும்.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் நாயைத் தூக்கிக்கொண்டு நேராக அவள் அறைக்கே வந்துவிட்டார்.

"வயித்துல உண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. நானும் பிடிச்சு இழுத்துப் பார்க்கிறேன், வரவே மாட்டேங்குது. இழுத்தா கடிக்க வர்றான்."

அவள் நாயைப் புரட்டிப் பார்த்தாள். "கடிக்காம என்ன செய்வான்? இது உண்ணி இல்லைங்க, காம்பு."

"ஆம்பளை நாய்க்கா?"

"ஏன், உங்களுக்கு இல்லையா?"

டிரைவர் குனிந்து தன் சட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு நாயிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்.

இந்த மாதிரிக் கதைகளை அவள் வீட்டில் சொல்வதற்கு ஒரு சட்டம் இருந்தது. "நான் தட்டை வச்சுட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் நீ எந்தப் பூச்சியோட காலையும் எண்ணக் கூடாது" என்று கணவன் சொல்லியிருந்தான். அவனுக்குத் தையல் மிஷின் பழுதுபார்க்கும் வேலை. கீழ் வீட்டில் இவர்கள் வாடகைக்கு இருந்தார்கள், கூடவே ஒற்றைக் கண்ணும் பெருத்த வயிறுமாக ஒரு பூனை. மாடியில் வீட்டு ஓனரும் அவர் மனைவியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓனர் கதவைத் தட்டினார். பனியனின் கழுத்தை இழுத்துக் காட்டினார். கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

"டாக்டரம்மா, பார்த்தீங்களா? நானும் அவளும் விடிய விடியச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கோம். எல்லாம் உங்க பூனையோட வேலை. ஒண்ணு அது போகணும், இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

அவருக்கு அந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. "அது போகணும்" என்று மறுபடியும் சொன்னார்.

"பூனை மாடிப்படி ஏறியே வருஷக்கணக்காச்சு சார். அந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு அது எங்க ஏறும்?" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, சோதிக்காமல் விட அவள் மனம் கேட்கவில்லை. அவர் முன்னாலேயே பூனையை மடியில் போட்டு, பேன் சீப்பால் முதுகை வாரினாள். சீப்பில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் பொடி வந்தது. அதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினாள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாக நிறம் கசிந்தது.

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "தெள்ளுப்பூச்சி. குடிச்ச ரத்தம்தான் எச்சமா வந்திருக்கு."

"பார்த்தீங்களா!" என்று ஓனர் குதித்தார்.

உள்ளேயிருந்து கணவன் கணுக்காலைச் சொறிந்துகொண்டே வந்தான். "ஒரு வாரமா அரிக்குதுன்னு சொன்னேனே, தோல் வறட்சின்னு எண்ணெய் தடவச் சொன்னியே!"

ஊரிலுள்ள பூச்சியெல்லாம் அவளிடம் வந்து பெயர் கேட்டுக்கொண்டு போக, சொந்த வீட்டுப் பூச்சி அவள் காலடியிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கணவனின் கணுக்காலையும் ஓனரின் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது ஏதோ இடித்தது.

"சார், உங்களுக்குக் கால்ல கடி இருக்கா?"

"கால்ல இல்லை. கழுத்து, தோளு, இடுப்பு."

"தெள்ளு தரையிலேர்ந்து தாவும், காலைத்தான் முதல்ல பிடிக்கும். உங்களுக்கு மேலேர்ந்து ஏதோ இறங்குது. உங்க ரூமைப் பார்க்கணும்."

மாடிப் படுக்கையறையில் கட்டிலுக்கு நேர் மேலே ஏசி. சுவரில் தூசி போலப் புள்ளிகள். ஒட்டும் டேப்பை அதில் ஒற்றி எடுத்து, கைலென்ஸில் பார்த்தாள். புள்ளிகள் நடந்தன. எட்டுக் கால். சில சாம்பல் நிறம், சில வயிறு நிறைந்து சிவப்பு.

"இது பறவையோட சிற்றுண்ணி. இங்க ஏதாவது கூடு இருக்கா?"

ஓனர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி பேசினாள். "ஏசி பெட்டிக்குப் பின்னால புறா வச்சிருக்காரு. எனக்குக் காபி போட்டுத் தர மாட்டாரு, அதுக்குத் தினமும் தானியம்!"

"பாவம், குஞ்சு பொரிச்சிருந்துச்சு" என்றார் ஓனர் நெகிழ்ந்த குரலில். "போன வாரம்தான் ரெண்டும் பறந்து போச்சு."

"அதான் விஷயம். இந்த உண்ணிங்களுக்குச் சாப்பாடு பறந்து போச்சு. அடுத்த சாப்பாடு கீழே கட்டில்ல படுத்திருக்கு."

ஓனர் கட்டிலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கழுத்தைத் தடவிக்கொண்டார். "அப்போ பூனை?"

"அதுக்கும் தெள்ளு இருக்கு சார், மறைக்கலை. இன்னைக்கே மருந்து போட்டுடறேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "புறாவை விரட்டணுமா?"

"காலிக் கூட்டை எடுத்துட்டு வலை கட்டுங்க. தானியத்தை மொட்டை மாடியில தூரமா வைங்க. புறா உங்களைத் தேடி வந்துடும், பயப்படாதீங்க."

பூனையின் பிடரியில் சொட்டு மருந்து விழுந்தது. நக்க முடியாத இடம் என்பதால் அது வீட்டிலுள்ள எல்லோரையும் முறைத்துக்கொண்டு திரிந்தது. கீழ் வீட்டு விரிப்புகளெல்லாம் கொதிநீரில் முங்கி எழுந்தன. சில நாளில் ஆள் வந்து கூட்டை அகற்றி, மாடி அறைக்கு மருந்தடித்துப் பூட்டினான். வாடை தாங்காமல் ஓனரும் மனைவியும் அன்றிரவு கீழ் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

விடிந்ததும் அவள் எழுந்து வந்தாள். ஓனர் மல்லாந்து விறைத்துக் கிடந்தார். கண் மட்டும் அசைந்தது. அவர் வயிற்றின்மேல் பூனை சுருண்டு, மிஷின் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா," என்று கிசுகிசுத்தார், "நான் பாத்ரூம் போகணும்."

பக்கத்துப் பாயிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கொஞ்ச நேரம் அடக்கிக்குங்க. பாவம், இப்பத்தான் கண் அசந்திருக்கு."