மணல் இறங்கும் நேரம்

மண் பரிசோதகருக்கு வேலைத்தளத்தில் "அசையாதே" என்றுதான் பெயர். பொழுது முழுக்க அவர் வாயில் வந்த சொல் அது.

புதுச் சாலைக்குக் கொட்டி உருட்டிய மண் சரியாக இறுகியிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். சின்னக் குழி தோண்டி, எடுத்த மண்ணைச் சிந்தாமல் எடை போட்டு, குழியின் அளவு தெரிய அதில் சலித்த மணலைக் குடுவையிலிருந்து இறக்குவார். அப்போது தரை அதிர்ந்தால் போச்சு. மணல் நெருங்கி உட்கார்ந்து கூடுதலாக உள்ளே போகும்; குழி பெரிதாகத் தெரியும்; மண் இறுகவில்லை என்று கணக்கு வரும்; நல்ல மண்ணும் தேறாது. தேறாவிட்டால் மொத்தத்தையும் கிளறி மறுபடி உருட்ட வேண்டும்.

ரோலர் ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி. அன்று மதியம் அவன் மகள் முதல் வேலைக்காக வெளியூர் ரயில் ஏறுகிறாள். மண் தேறினால்தான் அவன் கிளம்ப முடியும்.

மணல் இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் முழங்காலில் அதிர்வு ஏறியது. திரும்பினால், மைத்துனன் பக்கத்திலேயே ரோலரை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

"நிறுத்துடா! உன்னை வச்சுக்கிட்டு நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"சும்மா நிக்கிற நேரத்துல அடுத்த பக்கத்தையும் முடிச்சிடலாம்னு பார்த்தேன் மாமா."

"நல்லா முடிச்சே. இந்தக் குழி செல்லாது. வேற தோண்டணும்."

"உங்க மருமகதானே ஊருக்குப் போறா. தேறிடுச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"லீவுக்கு அவ வர்ற பஸ்ஸும் இந்த ரோட்டுலதான்டா வரும். இறங்கு கீழே."

முணுமுணுத்தபடி மறுபடி தோண்டினார். மைத்துனன் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லாகச் சமைந்திருந்தான்.

"மூச்சாவது விடலாமா மாமா?"

"மெதுவா விடு."

மணல் நின்றது. குடுவையில் மிஞ்சியதை எடை போட்டார். ஈரம் பார்க்க மண்ணை அடுப்பில் வறுத்தார். மைத்துனன் பக்கத்தில் நின்று நெளிந்தான்.

"தேறிடுச்சு. என் வண்டியை எடுத்துக்கிட்டு ஓடு."

"நீங்க?"

"நீ இங்க உருட்டி வச்சதையெல்லாம் யார் பார்க்கிறது?"

அடுத்த குழியில் மணலைத் திறந்துவிட்டபோது சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் அசையவில்லை. மணல் நின்ற பிறகுதான் எடுத்தார்.

"அப்பா வந்துட்டாரு மாமா. நீங்கதான் வரல. ரயில் கிளம்பிடுச்சு."

"ஊரையே நிறுத்துறேன்," என்று சலித்துக்கொண்டார். "அதை நிறுத்த முடியல, பாரு."