எத்துப்பல்லுக்கு ஒரு கண்ணாடிக் கிளிப்பு

தெத்துப்பல் என்றால் பாராட்டு, எத்துப்பல் என்றால் கேலி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு எழுத்து. என்னுடையது எத்துப்பல்தான், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அதிலும் இடது பக்கத்துப் பல் கொஞ்சம் அவசரக்காரி, பக்கத்துப் பல்லின் மேல் ஏறிக்கொண்டு நிற்கும். என் கணவர் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அதைத் தெத்துப்பல் என்றே சொல்லிவந்தார். நாகல் நகரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற மனிதர். எந்தச் சரக்கையும் நல்ல பெயர் சொல்லித்தான் விற்பார்.

அந்தப் பல்லால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சிரிப்பு வந்தால் வலது கை தானாக எழுந்து வாயை மறைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பழகியது. தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாதா கோவில் வாசலில் நிறுத்திப் படம் எடுத்த போட்டோக்காரர், “பொண்ணு, செத்த வாயை மூடிக்கிட்டுச் சிரிங்க” என்றார். எப்படி என்று தெரியாமல் நான் விழிக்க, அவரே செய்து காட்டினார். நானும் அப்படியே செய்தேன். ஆல்பம் முழுக்க வயிற்றுவலியோடு நிற்கிறவள் மாதிரி இருக்கிறேன். இன்றுவரை அதை யாருக்கும் விரித்துக் காட்டியதில்லை.

அப்புறம் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. கடைவாய்ப்பல் வலி தாங்காமல் ஊருக்குள் புதிதாகக் கிளினிக் திறந்திருந்த ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பையன். சென்னையில் படித்துவிட்டு வந்தவர். வலிக்கிற பல்லைப் பார்க்கச் சொன்னால் அவர் கண் முன்பல்லிலேயே நின்றது.

“இதைச் சரி பண்ணணும்னு உங்களுக்குத் தோணினதே இல்லையா மேடம்?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “முப்பத்தெட்டு வயசுல வாய் நிறையக் கம்பியைக் கட்டிக்கிட்டு நான் எங்க போக? ஒண்ணாங் கிளாஸ் டீச்சருங்க. பிள்ளைங்க பயந்து ஓடிரும்.”

அவர் சிரித்துக்கொண்டே மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். பல்வரிசையின் அச்சு மாதிரி வளைந்த, மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். போட்டால் வெளியே தெரியாதாம். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால் பல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகருமாம். “வயசானவுங்களுக்குமா நகரும்?” என்றேன். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் வயசு தடையில்லை, எனக்கு ஒன்றரை வருஷம் ஆகலாம் என்றார். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும்தான் கழற்ற வேண்டும், மற்ற நேரமெல்லாம் வாயில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் ராத்திரியில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் தூங்க வேண்டும், விட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கடைசியாகச் செலவைச் சொன்னார். அதைக் கேட்டதும் என் கடைவாய்ப்பல் வலியை நிறுத்திக்கொண்டது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். முதலில் மாதிரிக்கு ஒன்று செய்து தருவார், பத்து நாள் போட்டுப் பார்க்க வேண்டும், ஒத்துவந்தால் முழு செட்டுக்கும் அளவு அனுப்பலாம்.

வீட்டில் சொன்னேன். கணவர், “எதுக்கு இம்புட்டுச் செலவு? நல்லாத்தான இருக்கு தெத்துப்பல்லு” என்றார்.

“உங்களுக்கென்ன, சொல்லுவீங்க. அது உங்க வாய்லயா இருக்கு?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. பயங்கர ஆசை. நகை வேண்டாம், புடவை வேண்டாம். ஒரே ஒரு தடவை கையை மடியிலேயே வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் சிரிக்க வேண்டும். அதற்குத்தான் ஆசைப்பட்டேன்.

மாதிரிக் கிளிப்பு வந்தது. முதல் நாள் பல்லெல்லாம் இறுகி, யாரோ வாய்க்குள் உட்கார்ந்து திருப்புளி வைத்து முடுக்குவது போல வலித்தது. அது கூடப் பரவாயில்லை. என் பள்ளிக்கூடம் சின்னாளபட்டி போகிற வழியில் இருந்தது. பதினோரு மணி இடைவேளையில் ஆசிரியர் அறையில் டீ வந்தது. திரும்பி நின்று கிளிப்பைக் கழற்றினேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டார்.

“ஐயய்யோ டீச்சர், பல்செட்டா? இந்த வயசுலயா?”

இல்லை என்று விளக்கினேன், கிளிப்பைக் கையில் வைத்துக் காட்டினேன், சொந்தப் பல்லைத் தட்டியும் காட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. மத்தியானம் சத்துணவு ஆயா என் பக்கத்தில் வந்து குனிந்து, “மேல்வரிசை மொத்தமும் போயிருச்சாம்மா? இட்லியைப் பால்ல ஊறவச்சுச் சாப்பிடுங்க” என்று ரகசியம் பேசினார். டீ குடித்த பிறகு ஒவ்வொரு தடவையும் பல் துலக்கிவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். குழாயடியில் நான் பிரஷ்ஷோடு நிற்பதை ஐந்தாம் வகுப்புப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிவிட்டேன். மாட்டிக்கொண்டது வகுப்பில்தான். கிளிப்பைப் போட்டால் நாக்குக்கு இடம் போதவில்லை, ‘ச’ வரவில்லை, ‘ஷ’தான் வந்தது. ரெண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு நடத்த வேண்டியிருந்ததோ அந்த வாரம் சரியாக ‘ச’ வரிசை. என் வகுப்பில் முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள், எல்லாருக்கும் ஆறு வயசு. பால்பல் விழுகிற வயசு என்பதால் வகுப்பில் பாதிப் பேர் பொக்கைவாய். நான் “ஷங்கு, ஷாவி, ஷிங்கம்” என்றேன். அவர்களும் தொண்டை கிழிய “ஷங்கு, ஷாவி, ஷிங்கம்” என்றார்கள். வராந்தாவில் போன தலைமையாசிரியை சிஸ்டர் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு நடந்தார்.

நான்காம் நாள் காலையில் ஒரு தகப்பனார் சைக்கிளோடு கேட்டில் காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சர், எங்க பய ஷோறு, ஷாம்பாருங்குறான். இங்கிலீஷ் மீடியம் ஆக்கிட்டீங்களா? சொல்லவே இல்லையே!”

“கொஞ்ச நாள் பொறுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். எனக்கு அவமானமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. நான் சொல்வது அப்படியே பிள்ளைகள் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரியாதா? அன்றைக்கு டாக்டர் சொன்ன விதியை மீறிக் கிளிப்பைக் கழற்றி டப்பாவில் போட்டேன். ‘ச’ வரிசையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். யாருக்குச் சரியாக வருகிறது என்று ஒவ்வொரு வாயாகக் கவனித்தேன்.

பின்வரிசையில் ஒரு பயல் ‘ச’வை அழுத்திச் சொல்லப்போய் முன்னால் இருந்தவன் பிடரியில் எச்சில் தெறித்தது. வகுப்பே சிரித்தது. பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வலது கை வாய்க்குப் போனது.

என் வகுப்புப் பெண்பிள்ளைகள் அடக்கமானவர்கள் என்று சிஸ்டர் வருஷா வருஷம் பாராட்டுவார். நானும் பெருமையோடு தலையாட்டியிருக்கிறேன்.

கையெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியது. ஒரு கை மட்டும் இறங்கவில்லை. அது ஒரு பூந்தோட்டக்காரர் மகளுடைய கை. என் வகுப்பில் அவளுக்குத்தான் பெரிய குரல், அவள் பாடம் வாசித்தால் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். போன வாரம் மேல் முன்பல் இரண்டும் ஒன்றாக விழுந்துவிட்டன. அதிலிருந்து வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், வாயைத் திறக்க மாட்டாள். காய்ச்சலாக இருக்கும் என்று நானும் விட்டிருந்தேன். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

“ஏம்மா கையை எடுக்க மாட்டேங்குற?”

கைக்குள்ளிருந்தே பதில் வந்தது. “பல்லு அசிங்கமா இருந்தா மூடிக்கிரணும்ல டீச்சர். நீங்க மூடிக்கிருவீங்கள்ல.”

அம்மா மாதாவே! போட்டோக்காரர் சொன்னபோதுகூட எனக்கு இப்படி வலித்ததில்லை. நான் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சாதிக்கலாம், ஆனால் எதிரே நிற்கிறாளே. ‘ச’வை மாற்றிச் சொன்னதற்கு நாலு நாளில் ஒரு தகப்பன் வந்து கேட்டுவிட்டார். இதை இத்தனை வருஷமாக ஒருத்தரும் வந்து கேட்கவில்லை.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். “சரி, எம் பல்லைப் பாரு” என்று ஈறு தெரிய இளித்துக் காட்டினேன்.

அவள் நன்றாகக் கிட்டே வந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மிகவும் கவலையாகக் கேட்டாள்.

“உங்களுக்கும் ஆடுதா டீச்சர்?”

“இல்லையேம்மா.”

“முன்னாடி வந்துருச்சுல்ல? அப்ப விழப்போகுது.” அவளுடைய இரண்டு கையும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டன. “பயப்படாதீங்க டீச்சர், வலிக்காது. கொஞ்சூண்டு ரத்தம் வரும், அம்புட்டுத்தேன். அப்புறம் புதுஷு முளைச்சிரும்.”

சொல்லும்போது வாய் முழுக்கத் திறந்திருந்தது. முன்னால் பெரிய ஓட்டை, அதற்குள்ளே நாக்கு அலைகிறது. எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வகுப்பு முழுவதும் என் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மத்தியானம் அவள் வாசித்த பாடத்தில் ஒரு ‘ச’ கூட உருப்படியில்லை. குரல் மட்டும் ரோடு வரைக்கும் கேட்டது.

அந்தக் கிளிப்பு மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பல்செட்டா என்று கூவினாரே அந்த மூன்றாம் வகுப்பு டீச்சர், பின்னால் அவரே போட்டுக்கொண்டார். ஒன்றரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார், வரிசை ஜம்மென்று வந்துவிட்டது. கடிக்கும்போது வலிக்கிறவர்களும், இடுக்கில் பிரஷ் நுழையாமல் அவதிப்படுகிறவர்களும் தாராளமாகப் போடட்டும். எனக்கு அந்தப் பல்லால் கரும்பு கடிப்பதில்கூடக் கஷ்டம் இருந்ததில்லை. கையை இறக்கத்தான் நான் கிளிப்பைத் தேடிப் போனேன்.

பதினோராம் நாள் டப்பாவை டாக்டர் மேஜையில் வைத்தேன்.

“என்ன மேடம், பேச்சுத் தடுமாறுதா? போகப் போகச் சரியாயிரும்.”

“அதில்லைங்க. இது தானா விழுந்துருமாம், புதுசு முளைக்குமாம். பொறுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “யாரு சொன்னது?”

“எங்க ஒண்ணாங் கிளாஸ்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க.”

சொல்லிவிட்டு அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தேன். பல்லைப் பார்ப்பதற்கென்றே படித்துவிட்டு வந்தவர்தானே, நன்றாகப் பார்க்கட்டும்.