பெலான்ஜே என்ற பெயரைச் சுமந்தவர்

ஹென்றி பெலான்ஜே (1931–1997). மயிலாப்பூர் அஞ்சலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவர். சாந்தோமில் ஒரு மாடி அறையில் தனியே வாழ்ந்தவர்.

பெலான்ஜே என்பது கனடாவின் கியூபெக் பகுதியில் வழங்கும் குடும்பப் பெயர். சாந்தோமில் அனாதைச் சிறுவர் இல்லம் நடத்திய பிரதர் லூயி பெலான்ஜே அங்கிருந்து வந்த துறவி. பெற்றோர் இன்னாரென்று தெரியாத மூன்று குழந்தைகளுக்கு, ஞானஸ்நானப் பதிவேட்டில் தம் குடும்பப் பெயரையே எழுதினார். லாசர் பதினொரு வயதில் அம்மை கண்டு இறந்தான். ஸ்டீவ், பெண் கேட்கப் போன இடங்களில் எல்லாம் பெயரைத் துருவியதால், மாமனாரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டு அதை உதறிவிட்டார். ஹென்றி பெயரை விடவில்லை, கல்யாணம் விட்டுப்போயிற்று. அஞ்சலகத்தில் அவர் கையில் புரண்ட லட்சக்கணக்கான உறைகளில், பிரதர் காலமானபின் அந்தப் பெயருக்கு வந்தது அவருடைய ஓய்வூதிய உத்தரவு ஒன்றுதான்.

1995ஆம் ஆண்டு தொடக்கத்தில், வாக்காளர் கணக்கெடுப்புக்காக ஷகீலா என்ற பள்ளி ஆசிரியை படியேறி வந்தார்.

“பேரு சார்?”

“ஹென்றி பெலான்ஜே.”

“பின்னாடி வர்றது அப்பா பேருதானே?” பதிலுக்குக் காத்திராமல் தந்தை பெயர்க் கட்டத்தில் எழுதினார். தமிழர் பெயரோடு ஒட்டி வருவது தகப்பன் பெயர்தான், அவர்மீது குற்றமில்லை. ஒரு கடிதம் பை மாறி விழுந்தால் சோறு இறங்காமல் தேடும் ஹென்றி, அன்று திருத்தவில்லை.

“காபி சாப்பிடறீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

பட்டியலை மாநகராட்சிப் பள்ளிச் சுவரில் ஒட்டினார்கள். ஹென்றி மூன்று நாள் காலையில் போய் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வந்தார். நான்காம் நாள் கீழ்வீட்டுப் பொன்ராஜ் அதைப் படித்தார்.

“இன்னா நைனா, சாமியாருக்குப் புள்ளயாமே நீ? இத்தினி நாளா சொல்லவேயில்ல.”

விளையாட்டுப் பேச்சுத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது மாதா கோயில் முற்றத்துக்குப் போய்விட்டது. அங்கே பங்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த அல்போன்சா அவரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, உள்ள பிரதர் போட்டோ மாட்டிக் கீது. அதப் பாத்து ஆளுங்க சிரிக்கிறாங்க. திருத்திக் குடுத்துடுங்க.”

“அவரு எனக்கு அப்பா மாதிரிதானம்மா.”

“மாதிரின்னு கட்டத்துல எழுத முடியுமா? செத்தவரு எழுந்து வந்து இல்லன்னு சொல்வாரா?”

அந்த வரி நின்றால் தமக்கு ஒரு தகப்பன். பிரதரின் துறவுக்கு ஒரு கறை. ஹென்றி மறுநாளே திருத்த விண்ணப்பம் கொடுத்தார். புதிய பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தந்தையின் இடத்தில் ஒரு சிறு கோடு இருந்தது. அதைப் பார்க்க அவர் ஒரு தடவைதான் போனார்.

நவம்பர் 2ஆம் தேதி வரும் கல்லறைத் திருநாளை முன்னிட்டு, இறந்தவர் பெயரையும் அவருக்குத் தாம் என்ன உறவு என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுப்பது அந்தப் பங்கின் வழக்கம். பூசையில் பெயரை மட்டுமே வாசிப்பார்கள். நவம்பர் முடிந்ததும் அல்போன்சா சீட்டுகளை எரித்துவிடுவார். பிரதர் இறந்த நாள்முதல், உறவு என்ற இடத்தில் ஹென்றி ‘மாணவன்’ என்றே எழுதிவந்தார்.

1997 நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஹென்றி மாரடைப்பால் இறந்தார். மாதக் கடைசியில் சீட்டுகளை எரிக்க எடுத்தபோது, அல்போன்சா அவருடையதைத் தேடிப் படித்தார். படித்துவிட்டு, மடித்து, மற்றவற்றோடு தீயில் போட்டார். உறவு என்ற இடத்தில் ‘மகன்’ என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்தும் தேதியும்: 1997 நவம்பர் 1, சனிக்கிழமை.