முருகனுக்காக நான் விட்ட மீன்

என் மகள் பூரணிக்கு ஏழு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. எழுபதுகளின் கடைசி அது. புல்மோட்டையில் மணல் அள்ளி, நிலாவெளியில் கரைவலை இழுத்து, ஓரிடத்தில் தங்காமல் திரிந்தவன் நான். படிப்பும் பாதியில் நின்றது. கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன்: பிள்ளை பிழைத்து, தன் காலால் நடந்து உன் வாசலுக்கு வரும்வரை எங்கள் வீட்டில் மீன் சமைக்கமாட்டோம்.

கொழும்பு ஆஸ்பத்திரி மருந்தில் இரத்தம் தெளிந்தது. ஆனால் பிள்ளை நடக்கவில்லை. கால் நோகிறது என்று அழுவாள். விழுந்தால் முறியுமென்று பயந்து அறைக்குள்ளேயே கிடத்தினோம். கரையில் நெத்தலி காயும் மணம் வரும்போது கண்ணை மூடி மூச்சை இழுப்பாள்.

மறுமுறை போனபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். விடியற்பனிப் புகாருக்குள் நிற்கும் தோணிபோல எலும்பு மங்கித் தெரிந்தது.

"மருந்து நோயை அடக்கினது, எலும்பையும் மெலிய வைச்சிட்டுது. பால் குடுங்கோ. நெத்தலியை முள்ளோட குடுங்கோ. காலை வெயிலில பிடிச்சு நடக்க வையுங்கோ."

மீனைத் தொட்டால் முருகன் பிள்ளையைத் திருப்பி எடுத்துவிடுவான் என்று நடுங்கினேன். பூரணியைத் தோளில் சுமந்து, மனைவி செல்வத்தோடு பஸ் மாறி, ஆற்றுத்துறை கடந்து வெருகலுக்குப் போனேன். வாசலில் விழுந்து, "நான் என்ன செய்ய? நீயே சொல்லு" என்று அழுதேன்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். வெயிலில் மரமும் கோபுரமும் தண்ணீரில் நிழலாய் மிதந்தன. கண் சொருகியது. பூரணி மணல்மேட்டில் தனியாக நடந்து வருகிறாள். பாவாடை மடியில் வெள்ளி வெள்ளியாய் மீன் துள்ளுகிறது.

விழித்ததும் கனவைச் சொன்னேன். செல்வம் சீறினாள்.

"நேர்த்தி வைச்சது ஆர்? நீங்கள். அப்ப உங்கட வாயைக் கட்டுங்கோ. பிள்ளையின்ர வாயை ஏன் கட்டினனீங்கள்? முருகனும் ஒரு பிள்ளைதானே, அவருக்குப் பசி தெரியாதோ?"

நான் கேட்ட பதில் அதுதான் என்று மனம் சொன்னது.

ஊர் திரும்பியதும் நெத்தலி பொரித்தாள். காலை வெயிலில் ஈரமணலில் பிள்ளையைக் கைபிடித்து நடத்தினோம். மாதங்கள் போகப் போக, என் கையில் அவள் பாரம் குறைந்தது. ஒருநாள் கையையே விட்டாள். அடுத்த ஆவணித் திருவிழாவில் துறையிலிருந்து வாசல்வரை தன் காலால் நடந்தாள்.

நேர்த்தி முடிந்தது. நான் மட்டும் பிறகும் மீன் தின்னவில்லை. ஊர் ஊராய் ஓடும் எண்ணமும் போய்விட்டது.

பிள்ளையின் நோய் வருத்தத்தோடு தவிப்பவர்களே, மருந்தை விடாதீர்கள், முருகனிடம் கேட்பதையும் விடாதீர்கள். பதில் பெண்சாதியின் கோபமாகவும் வரும். நம்பி ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போதும் சாப்பிடும்போது பூரணி கேட்பாள்: "அப்பா, உங்கட பங்கையும் நான் தின்னட்டோ?"

"ஓம் மகள், தின்னு."

அவள் பல்லில் முள் நொறுங்கும் சத்தம் கேட்கும். எனக்குக் கைகூப்பத் தோன்றும்.